பழைய கார் வண்டிய வீட்டு வாசல்ல வச்சு பாக்கறதா, பட்டறையில விடறதா, வெளியூருக்கு ஏத்தறதா?

போன மாசம் அம்பாசமுத்திரத்துல ஒரு கல்யாண வீடு. சாப்ட்டு கை கழுவிட்டு வெளிய வாரேன், என் வண்டிய சுத்தி மூணு பேரு நிக்காவ. 97 மாடல் மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி (பெட்ரோலயும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடுற பழைய முறை), டிஎன் 72. பேச்சுக் குடுத்துப் பாத்தா மூணு பேர்ட்டயும் ஆளுக்கொரு பழைய வண்டி. வள்ளியூர்க்காரர் ஒருத்தர்ட்ட எஸ்டீம், இன்னொருத்தர்ட்ட அப்பா ஓட்டிட்டு விட்டுட்டுப் போன பிரீமியர் பத்மினி, மூணாவது ஆளு சின்னப் பையன், இப்பதான் ஒரு கான்டெஸாவ வாங்கிப் போட்டுட்டு முழிச்சுக்கிட்டு இருக்கான். மூணு பேரும் கேட்டது ஒரே கேள்வி, "அண்ணாச்சி, இத எங்க வச்சுதான் பாக்கிய?" வீட்லயேவா, பக்கத்து பட்டறையிலயா, இல்ல கோயம்புத்தூருக்கு லாரியில ஏத்தி விடணுமா. அன்னைக்கு வெயில்ல நின்னு பாதிதான் சொன்னேன், சாம்பார் வாளிய தூக்கிட்டு ஓடுறவங்க நடுவுல அதுக்கு மேல பேச முடியல. மீதிய இங்க எழுதுதேன்.

## மொதல்ல, எத வச்சு முடிவு பண்ணணும்

நம்ம ஆளுக எல்லாரும் கூலிய மட்டும்தான் கணக்கு பாப்பாவ. பட்டறையில 800 கேட்டான், வீட்ல பண்ணா ஓசி, அவ்வளவுதான். அது தப்புக் கணக்கு. நான் பாக்கறது வேற நாலஞ்சு விஷயம்.

கோளாற யாரு கண்டுபிடிக்கப் போறாங்கறது முதல் விஷயம், மத்ததெல்லாம் இதுக்குப் பொறவுதான். பழைய வண்டியில காசு போறது வேலைக்கு இல்ல, தேவையில்லாம மாத்துன சாமானுக்கு. அடுத்து, வேலை தப்பாப் போச்சுன்னா என்ன ஆகும். ஸ்லோ, அதாவது வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம், சரியா வைக்கலன்னா வண்ணார்பேட்டை சிக்னல்ல வண்டி ஆஃப் ஆகும், பின்னால உள்ளவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். பிரேக் தப்பாப் போச்சுன்னா கதையே வேற. மூணாவது, சாமான் எங்க கிடைக்கும், ஒரிஜினலா டூப்ளிகேட்டா. நாலாவது, வண்டி எத்தன நாள் படுக்கும்.

அப்புறம் நம்ம ஊரு. இத வெளியூர்க்காரன் எழுதுற குறிப்புல பாக்க முடியாது. பாளையங்கோட்டையில மே மாசம் 40 டிகிரி, உவரி பக்கம் உப்புக்காத்து, பணகுடி வழியா போனா காத்தாடி சுத்துற காத்துல மண்ணு, ஐப்பசி கார்த்திகையில மழை. ரேடியேட்டருக்கு ஊத்துற தண்ணியில இருந்து ஏர் ஃபில்டர் வரைக்கும் எல்லாத்தையும் இது மாத்திரும்.

இதுல எதுலயும் சேராத ஒரு செலவு உண்டு, எங்க வச்சு பாத்தாலும் அது வரும். 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க ஆர்சி புதுப்பிக்கணும். 600 ரூவாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு, 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025ல 10,000 ஆச்சு, அதுக்கு மேல பசுமை வரி வேற. அத மொதல்லயே தனியா எடுத்து வச்சிருங்க, இல்லன்னா ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நின்னு ஜி-பேயில மச்சான்ட்ட கடன் கேக்க வேண்டி வரும்.

## வீட்டு வாசல்

என் கதையச் சொல்லுதேன், இதுலதான் எனக்கு புத்தி வந்தது.

ரெண்டு வருஷம் முன்னால கோடையில வண்டி ஒரு நோய் பிடிச்சுக்கிச்சு. காலைல ஒரு கிக்ல ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள்ள ஒண்ணும் பண்ணாது, நாகர்கோவில் ரோட்டுல ஒரு அரை மணி நேரம் ஓடுனா இருமும், மூச்சு வாங்கும், ஆஃப் ஆயிரும். அரை மணி நேரம் ஓரமா நிப்பாட்டுனா திரும்ப ஒண்ணும் நடக்காத மாதிரி கிளம்பும். பட்டறையில சொன்னேன், "பெட்ரோல் ஏறல தம்பி"ன்னாரு, கார்புரேட்டர் கிட் மாத்துனாரு. திரும்ப நின்னுச்சு. பிளக் மாத்துனாரு. நின்னுச்சு. பெட்ரோல் பம்ப் மாத்துனாரு, அதுக்கும் நின்னுச்சு. மொத்தம் 6000 ரூவா கிட்ட ஆயிருச்சு, நோய் அப்படியே இருக்கு.

அடுத்த தடவ மூன்றடைப்பு தாண்டி நின்னுச்சு, மத்தியானம் ரெண்டு மணி. இந்த தடவ பிளக் ஸ்பேனரும் ஒரு பழைய பிளக்கும் வண்டியில இருந்துச்சு. ஒரு பிளக் ஒயர உருவி, பழைய பிளக்க அதுல மாட்டி, பிளக்கோட இரும்பு உடம்பு இன்ஜின்ல நல்லா ஒட்டி நிக்கற மாதிரி ஒரு ஒயரால கட்டி வச்சேன், கையால பிடிக்கக் கூடாது, அடிக்கும். வீட்டம்மாவ சாவிய திருப்பச் சொன்னேன். வெயில்ல பொறி தெரியவே இல்ல. அப்புறம் துண்ட மேல விரிச்சு, அதுக்குள்ள தலைய விட்டு, "இப்ப அடி"ன்னேன். செவப்பா, நூல் மாதிரி ஒரு பொறி. ரெண்டாவது தடவ அதுவும் இல்ல. நல்ல பொறி நீலமா, சட்சட்டுன்னு சத்தத்தோட வரணும்.

அங்கன முடிஞ்சுது கதை. பெட்ரோல் பக்கமே கோளாறு இல்ல, பொறி குடுக்கற இக்னிஷன் பக்கம். பிளக்குக்கு கரண்ட் அனுப்புற இக்னிஷன் காயில தொட்டுப் பாத்தா கை வைக்க முடியல. குடிக்க வச்சிருந்த தண்ணியில துண்ட நனைச்சு காயில் மேல போட்டேன், பத்து நிமிஷம், வண்டி கிளம்பிருச்சு. பழைய காயிலு சூடானா உள்ள சுத்து விட்டுப் போகும், ஆறுனா திரும்பச் சேரும், அதான் நோய். புது காயில் ஒண்ணு வாங்கி வாசல்ல வச்சு நானே மாட்டுனேன், ரெண்டு போல்ட்டு, மூணு ஒயரு, அரை மணி நேரம்.

வீட்ல பாக்கறதோட லாபம் இதுதான். நோய் வர்ற நேரத்துல வண்டி பக்கத்துல இருக்கறது நீங்கதான், பட்டறைக்காரர் இல்ல. அங்க கொண்டு போய் நிப்பாட்டும்போது வண்டி ஆறி நல்ல பிள்ளையா இருக்கும், அவரு என்ன செய்வாரு பாவம், குத்துமதிப்பா மாத்துவாரு.

கண்டுபிடிக்கறதுக்கு பெரிய சாமான் ஒண்ணும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் போதும், பாதி வேல அதுவே பாத்துரும். வண்டி ஆஃப்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும், ஓடும்போது 13.8ல இருந்து 14.4க்குள்ள நிக்கணும், நிக்கலன்னா டைனமோ பக்கம் பாருங்க. ரேடியேட்டர் ஃபேன் ஓடலையா, சூடு ஏறுனா ஃபேன ஓட விடுற ஸ்விட்ச்சுக்கு ரெண்டு ஒயர் வர்ற வண்டின்னா சாக்கெட்ட உருவிட்டு ரெண்டையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சு சாவிய போடுங்க. ஃபேன் சுத்துச்சுன்னா ஸ்விட்ச் போச்சு, சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையா போங்க. கை, துண்டு, பனியன் எதையும் ஃபேன் பக்கத்துல தொங்க விடாதீங்க.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறுன பொறவு ரேடியேட்டருக்கு தண்ணி விடுற வால்வு) சந்தேகமா, கழட்டி நூல்ல கட்டி பழைய ஏனத்துல தண்ணி ஊத்தி அடுப்புல தொங்க விடுங்க. தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாலயே, 80 டிகிரி தாண்டுன பக்கம், வாயத் திறக்கணும். திறக்கலன்னா அது செத்துப் போச்சு. ஏனம் பழசா இருக்கட்டும், எங்க வீட்ல பால் ஏனத்துல வச்சு நான் வாங்குன ஏச்சு இன்னும் தீரல.

மறைஞ்ச செலவும் உண்டு. நல்ல ஸ்பேனர் செட்டு, ஜாக்கி ஸ்டாண்டு, சின்ன இடைவெளி அளக்கற ஃபில்லர் கேஜுன்னு முதல் வருஷத்துல மூணு நாலாயிரம் போகும். வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது, செங்கல்ல முட்டுக் குடுக்கறது அதவிட மோசம், செங்கல் சொல்லாமக் கொள்ளாம உடையும். ஜென்னு, எஸ்டீம் ரெண்டுக்கும் இன்ஜினே அலுமினியம், பிளக்க ஸ்பேனர் போட்டு முறுக்குனா மரை போயிரும், போச்சுன்னா லேத்துக்குத்தான் போகணும். கையாலயே முழுக்கத் திருகுங்க, உக்கார்ந்த பொறவு வாஷர் வச்ச புது பிளக்குன்னா அரை சுத்து, போதும். அப்புறம் ஞாயித்துக்கிழம. அம்மா வாசல்ல கோலம் போட வந்து ஆயில் கறையப் பாத்து, "எய்யா, இந்த சவத்த வித்துத் தொலைக்கக் கூடாதா"ன்னு கேக்கும், அதையும் செலவுல சேத்துக்கோங்க.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த இங்க சொல்லாம முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சு, இங்க தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு. சேக்காளி ஒருத்தன் வண்டி சீட் வரைக்கும் தண்ணியில நின்னுச்சு. அந்த வாரம் எந்தப் பட்டறைக்குப் போக, பாதி பட்டறையே தண்ணிக்குள்ள கிடக்கு. சாவியத் தொடாதேன்னு சொல்லி, பேட்டரி டெர்மினல கழட்டி, பிளக் நாலையும் கழட்டி, ஆயில இறக்குனோம், பால் டீ நிறத்துல வந்துச்சு. தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு தடவ புது ஆயில் ஊத்தி இறக்கி, கார்ப்பெட்ட மொட்ட மாடியில ஒரு வாரம் காயப் போட்டு, அதுக்குப் பொறவுதான் செல்ஃப் அடிச்சோம். அன்னைக்கே அவசரப்பட்டு சாவியத் திருப்பியிருந்தா, உள்ள நின்ன தண்ணியில பிஸ்டன் முட்டி, அதத் தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும்.

## பக்கத்து பட்டறை

இவங்கள குறை சொல்லி எழுதறது லேசு. ஆனா முப்பது வருஷம் கார்புரேட்டர்ல கை வச்ச ஒரு அண்ணாச்சி சைலன்சர் பக்கத்துல காத வச்சு "ரெண்டாம் நம்பர் மிஸ்ஸிங்"னு, அதாவது ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலன்னு, சொல்லுதது நமக்கு ஜென்மத்துக்கும் வராது. கிளட்ச், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், ஸ்டியரிங் ராக், வீல் பேரிங், இதெல்லாம் குழி, பிரஸ், கூட பிடிக்க ஒரு ஆளு, பின்னால ஒரு லேத்து உள்ள இடத்துலதான் பாக்கணும். டைமிங் பெல்ட்ல ஒரு பல்லு தப்புனா போதும், வண்டி இழுக்கவே இழுக்காது. கூலியும் நியாயமாத்தான் இருக்கும்.

மறைஞ்ச செலவு வேற இடத்துல இருக்கு. நம்ம பக்கம் ஒரு வழக்கம், வண்டி சூடாகுதுன்னு போனா தெர்மோஸ்டாட்ட கழட்டி ஓரமா வீசிருவாவ, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு வே". அன்னைக்கு சூடு குறைஞ்ச மாதிரி இருக்கும். அப்புறம் காலைல இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும், பெட்ரோல் கூட குடிக்கும், உண்மையான கோளாறு, அடைச்ச ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ, அப்படியே ஒளிஞ்சுக்கும். ஒரு மே மாசம் வரும், அலுமினியம் ஹெட்டு வளைஞ்சு கேஸ்கெட் போகும். அடுத்தது தண்ணி. பட்டறை போர் தண்ணிய ரேடியேட்டருக்கு ஊத்துறது. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து போர் தண்ணிய வாயில வைக்க முடியாது, அத அலுமினியத்துக்கு ஊத்துனா உள்ள அரிக்கும், உப்பு படியும். கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, நீங்களே கலந்து கேன்ல கொண்டு போய் குடுங்க. ஒயரிங்ல வெட்டி முறுக்கி டேப் சுத்துறது மூணாவது, அது அடுத்த மழைக்குத் தெரியும்.

இதுக்கு ஒரே மருந்து, போய் "பாத்து சரி பண்ணுங்க"ன்னு சொல்லாம இருக்கறது. அப்படிச் சொன்னா கண்டுபிடிக்கற வேலையையும் சேத்து விக்கிறிய, அவருக்கு அதுக்கு நேரம் கிடையாது. "வாட்டர் பம்ப்ல இருந்து சொட்டுது, பம்ப மட்டும் மாத்தணும், தெர்மோஸ்டாட்ட கழட்டக் கூடாது, பழைய பம்ப் எனக்கு வேணும்"னு சொல்லிப் பாருங்க. வேல பாதி நேரத்துல முடியும், மரியாதையும் கூடும். பழைய சாமான திரும்பக் கேக்கறதுல ஒரு கூச்சமும் வேண்டாம். முடிஞ்சா கூடவே ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க, டீ வாங்கிக் குடுங்க, கேள்வி மட்டும் அளவாக் கேளுங்க. ஆடித்தபசு, ஆனித்திருவிழா வாரத்துல வண்டிய விடாதீங்க, பையன்க ஒருத்தனும் வர மாட்டான், நாளைக்கு நாளைக்குன்னு பத்து நாள் போகும்.

## கம்பெனி சர்வீஸ்

சுருக்கமாச் சொல்லுதேன். ஸ்கேனர மாட்டிக் கோளாறு பாக்கற வண்டிக்கான இடம் அது. கார்புரேட்டர் வண்டியில ஸ்கேனர மாட்டறதுக்கு வாயே கிடையாது. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் பெட்ரோல் அளந்து விடுற முறை) வந்த பொறவு வந்த எஸ்டீம், ஜென்னுன்னா யோசிக்கலாம். நான் அங்க போறது பார்ட்ஸ் கவுன்டருக்கு மட்டும், பார்ட் நம்பர் எழுதிட்டுப் போனா கேஸ்கெட், ஆயில் சீல், ஃபில்டர் எல்லாம் சில நேரம் இன்னும் கிடைக்கும். ஹெட் கேஸ்கெட்டுக்கும் ஆயில் சீலுக்கும் டூப்ளிகேட் வாங்கவே வாங்காதீங்க, நூறு ரூவா மிச்சம் பாக்கப் போய் ரெண்டு தடவ கூலி குடுக்கணும்.

## வெளியூர் ஸ்பெஷலிஸ்ட்

கோயம்புத்தூருக்கு இந்த விஷயத்துல ஒரு தனி மவுசு உண்டு, செட்டிப்பாளையத்துல ரேஸ் டிராக்கே வச்சிருக்கற ஊரு. அங்க பழைய இன்ஜின முழுசா இறக்கி, சிலிண்டர் போர் அளந்து, கார்புரேட்டர் ஷாஃப்ட்டுக்கு புஷ் போட்டு, கைப்புத்தகம் மாதிரி வேல பாக்கற ஆளுக இருக்காவ. ஃபுல் இன்ஜின் வேல, முழு பாடி டிங்கரிங், தரை ஓட்டையாப் போன வண்டி, இதுக்கெல்லாம் இதுதான் சரி. நம்ம ஊர்ல துருவ தட்டிட்டு பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிருவாவ, ரெண்டு மழைக்காலம் தாங்கும், அதுக்குள்ள துரு பின்னாலயே வரும்.

மறைஞ்ச செலவுதான் இதுல மலை மாதிரி. போக வர லாரி வாடகை. மாசக்கணக்குல வண்டி அங்க கிடக்கும், நடுவுல ரெண்டு தடவ நீங்க பஸ் ஏறிப் போகணும், இல்லன்னா போட்டோவ மட்டும் பாத்து திருப்திப்படணும். வந்த பொறவு சின்னதா ஒரு ஒழுக்கு வந்தாலும் திரும்ப 350 கிலோமீட்டருக்கு மேல அனுப்ப முடியாது, நம்ம பட்டறை அண்ணாச்சிட்டதான் போகணும், அவரு "அங்க போன வண்டிதான, அவங்களையே கேளுங்க"ன்னு மூஞ்சத் திருப்புவாரு. அதனால இஷ்டத்துக்கு சின்ன வேலைக்கெல்லாம் அனுப்பறது வீண்.

சாமானுக்கு மட்டும்னா, பழைய வண்டி சாமான் விக்கற சென்னை புதுப்பேட்டை. கதவு கிளாஸ், மீட்டர், டெயில் லைட்டு மாதிரி உடையாத வரைக்கும் தேயாத சாமான் அங்க வாங்கலாம். ரப்பர், பிரேக் சாமான பழசுல வாங்காதீங்க.

## எந்த வேல எங்க

| வேல | வீடு | பட்டறை | வெளியூர் |
|---|---|---|---|
| ஸ்டார்ட் ஆகல, மிஸ்ஸிங், சார்ஜிங் இல்ல: கண்டுபிடிக்கறது | இங்கதான் | நோய் அங்க வராது | வேண்டாம் |
| ஆயில், ஃபில்டர், பிளக், கூலன்ட், பேட்டரி | தாராளமா | சரிதான், ஆயில நீங்க வாங்கிக் குடுங்க | வேண்டாம் |
| பெட்ரோல் ஹோஸ், கிளிப் | ஆறின வண்டியில, திறந்த வெளியில | சரி | வேண்டாம் |
| பிரேக் | ஆயில் அளவு பாக்கறது மட்டும் | இங்கதான் | வேண்டாம் |
| கிளட்ச், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் | வேண்டாம் | இங்கதான் | வேண்டாம் |
| ஹெட் கேஸ்கெட் | வேண்டாம் | ஹெட்ட லேத்துல மட்டம் பாக்கச் சொல்லி | இன்ஜினோட சேத்துன்னா |
| முழு இன்ஜின், முழு பாடி | வேண்டாம் | ஆளப் பொறுத்து | இங்கதான் |

பெட்ரோல் ஹோஸ தனியா போட்டதுக்குக் காரணம் இருக்கு. இப்ப பங்க்ல வர்றது இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். நம்ம வண்டிக செஞ்ச காலத்துல இந்தப் பேச்சே கிடையாது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் ஊதும், வெடிப்பு விடும், எத்தனால் காத்துல உள்ள ஈரத்த வேற இழுக்கும். மாசக்கணக்குல நிப்பாட்டி வைக்கற வண்டின்னா இன்னும் மோசம். மாசம் ஒரு தடவ பானட்டத் திறந்து ஹோஸ விரலால அமுக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தாலோ வெடிப்பு தெரிஞ்சாலோ அன்னைக்கே மாத்திருங்க. பெட்ரோல் வாசன அடிச்சா ஸ்டார்ட் பண்ணாதீங்க, பிளக் பொறி சோதனையும் பண்ணாதீங்க.

## அந்த மூணு பேருக்கும்

பத்மினிக்காரருக்கு நான் சொன்னது, முக்கால்வாசி வீட்லயே பாருங்க. 1089 சிசி இன்ஜின், பாயின்ட்டு (பொறிக்கு கரண்ட வெட்டி வெட்டி விடுற சுவிட்ச்), கண்டன்சர், சோலெக்ஸ் கார்புரேட்டர், எல்லாம் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கற வண்டி அது, ஃபில்லர் கேஜ் வச்சு பாயின்ட் கேப் வைக்கப் பழகிட்டா அப்பாவ நெனச்சுக்கிட்டே ஞாயித்துக்கிழம காலைல ஓட்டிட்டு வரலாம். அவரு வீடு கல்லிடைக்குறிச்சி பக்கம், உப்புக்காத்துத் தொல்லையும் இல்ல.

கான்டெஸா பையன்ட்ட மொதல்ல கேட்டது, உள்ள என்ன இன்ஜின்னு. தெரியலன்னான். 1984ல வந்த ஆரம்ப வண்டின்னா அம்பாசடர்ல உள்ள 1489 சிசி, பிந்தி வந்த கிளாசிக்னா இசுசு 1817 சிசி. ரெண்டும் அம்பாசடர்லயும் ஓடுன இன்ஜின்தான், அதனால இன்ஜின் சாமானுக்குப் பயப்பட வேண்டாம். பாடி சாமானுக்குத்தான் அலையணும், 2002லயே நிப்பாட்டுன வண்டி. அவனுக்கு தரையெல்லாம் ஓட்ட, கால் வைக்கற இடத்துல ரோடு தெரியுதாம். அவன் மட்டும் காசு சேத்து ஒரே தடவையா வெளியூருக்கு ஏத்தட்டும், அதுவரைக்கும் பெயின்டுக்கு ஒரு ரூவா செலவழிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சத்தியமா கேக்க மாட்டான், செவப்பு பெயின்டு விசாரிச்சுட்டு இருந்தான்.

எஸ்டீம்காரர் பட்டறைய நம்பி இருக்கறவரு, இருக்கட்டும், வள்ளியூர்ல அவருக்கு நல்ல ஆளு கிடைச்சிருக்காரு. ஒரு மல்டிமீட்டர் மட்டும் வாங்குங்கன்னேன். போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு போன். வண்டி சூடு முள்ளு மேல போகுதாம், ஃபேன் ஓடலயாம், பட்டறையில நாளைக்கு வாங்க, தெர்மோஸ்டாட்ட கழட்டிருவோம்னு சொன்னாவளாம். இன்ஜின் ஆறட்டும், ரேடியேட்டர் மூடியத் திறந்துராதீங்க, ஸ்விட்ச் சாக்கெட்ட உருவி ஒயர இணைச்சுப் பாருங்கன்னேன். கால் மணி நேரம் கழிச்சு திரும்ப அடிச்சாரு. பேசவே இல்ல, போன பானட்டுக்குள்ள நீட்டிட்டாரு போல, ஃபேன் சத்தம் மட்டும் கொர்ருன்னு கேக்குது.

"அப்ப ஸ்விட்ச்சுதான அண்ணாச்சி?"

ஸ்விட்ச்சேதான். காலைல வண்ணார்பேட்டையில கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு வச்சேன்.